துருப்பிடித்த கேபின் மவுன்ட்டும் தரையும்: பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பிக்கப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே பதினெட்டு சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தனி, கேபின் தனி என்று இருக்கும் வண்டிகளுக்கு மட்டும். கார் மாதிரி இரண்டும் ஒரே உடம்பாக இருக்கும் வண்டிகளின் கணக்கு வேறு.

கேபின் மவுன்ட்னா அந்த ரப்பர் புஷ்தானே?

ரப்பர் அதில் ஒரு பாகம்தான். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் ஒரு பிராக்கெட் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர். இரண்டுக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாய், அதற்குள் நீளமான போல்ட். அந்த போல்ட் மேலே போய், கேபினுக்கு அடியில் கனத்த தகட்டால் செய்த ஒரு பெட்டிக்குள் இருக்கும் நட்டில் ஏறும். இது மொத்தமும் சேர்ந்துதான் மவுன்ட்.

ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், ரப்பர் நைந்துபோனால் அது கழற்றி மாட்டும் வேலை. மேலே இருக்கும் பெட்டி துருப்பிடித்தால் அது வெட்டி வெல்டு செய்யும் வேலை. "மவுன்ட் போச்சு" என்று சொல்லும் பலருக்கு இரண்டில் எது போயிருக்கிறது என்றே தெரிவதில்லை.

வண்டி நல்லாத்தான் ஓடுது. மவுன்ட் போயிருக்கான்னு எப்படித் தெரியும்?

கதவைத் திறந்து மெதுவாக மூடிப் பாருங்கள். மூடும்போது கதவு கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தால் கேபினின் அந்தப் பக்கம் தொய்ந்திருக்கலாம். ஆனால் கதவுக் கீல் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். கதவைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்தால் கீல் தேய்மானம் தெரிந்துவிடும். அப்புறம் பின்னால் போய், கேபினுக்கும் லோடு தொட்டிக்கும் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று இருந்தால் கேபின் சாய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் காலுக்கு அடியில் "டொக்" என்று ஒரு சத்தம், மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக லேசாக அசைவது, இதுவெல்லாம் அதே கதைதான்.

உறுதி செய்ய, வண்டிக்கு அடியில் படுத்து, பிராக்கெட்டுக்கும் கேபினுக்கும் நடுவே ஒரு கடப்பாரை நுனியைக் கொடுத்து லேசாக நெம்பிப் பாருங்கள். நல்ல மவுன்ட் ரப்பர் அழுத்தத்தோடு கொஞ்சம் கொடுக்கும், திரும்ப வந்துவிடும். போன மவுன்ட்டில் தகடு தனியாக மூச்சு விடுவது மாதிரி மேலே எழும்பும், துருப்பொடி உங்கள் முகத்தில் கொட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படுங்கள்.

தரையில ஒரு ரூபாய் அளவு ஓட்டைதான். அதை மட்டும் அடைச்சா போதாதா?

வெளியே தெரியும் ஓட்டை எப்போதும் உண்மையான ஓட்டையைவிடச் சின்னது. இருக்கை, கார்ப்பெட், அதற்குக் கீழே இருக்கும் பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போங்கள். சுத்தியலால் தட்டினால் காதே சொல்லிவிடும்: நல்ல தகடு கணீரென்று கேட்கும், மெலிந்த தகடு நனைந்த அட்டையைத் தட்டிய மாதிரி மந்தமாகக் கேட்கும். தகடு பளபளவென்று, முழுக் கனத்தோடு தெரியும் இடம் வரை வெட்டியாக வேண்டும்.

இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டு (கம்பெனியிலேயே புள்ளி புள்ளியாக வைத்த வெல்டு) செய்யப்பட்ட இடங்களில் கூடுதலாகப் பாருங்கள். மவுன்ட் பெட்டி தரையோடு சேரும் இடம், தரை கதவு வாசலின் கீழ்ச்சட்டத்தோடு சேரும் ஓரம், இருக்கைத் தாங்கி உட்காரும் இடம். நடுவில் புகுந்த தண்ணீர் காயாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் இரண்டு தகட்டையும் உள்ளிருந்தே பிரித்துத் தள்ளிவிடும். ஸ்பாட்டுக்கு ஸ்பாட் நடுவே தகடு உப்பி நின்றால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடியில மண்ணு சேறு பட்டுத்தான் துருப்பிடிக்குதா?

மவுன்ட்டுக்கு, ஆமாம். பிராக்கெட்டுக்கு மேலே சேறு வந்து அடைந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் தரை பெரும்பாலும் மேலிருந்துதான் அழுகும். தண்ணீர் உள்ளே வருகிறது, கார்ப்பெட்டுக்குக் கீழே தேங்குகிறது. கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும், கீழே பஞ்சு பிழியப் பிழிய ஒழுகும்.

வருகிற வழிகள்: முன்கண்ணாடி ரப்பர், அல்லது ரப்பருக்கு அடியில் துருப்பிடித்த கண்ணாடிச் சட்டம். வைப்பருக்குக் கீழே காற்று புகும் பள்ளத்தில் இலை குப்பை அடைத்து, தண்ணீர் வழிய இடமில்லாமல் உள்ளே இறங்குவது. கதவுப் பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருப்பது. ஏசி தண்ணீர்க் குழாய் அடைபட்டிருப்பது. ஹீட்டர் உள்ள வண்டி என்றால் ஹீட்டர் ரேடியேட்டர் கசிவு. அது தண்ணீர் மாதிரி இருக்காது, பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கும்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே போங்கள். மேலேயே முதலில் ஊற்றினால் எல்லா இடத்துக்கும் வழிந்து, எது கசிவு என்றே தெரியாது. நான் முதல்முதலாகத் தரை மாற்றியபோது இந்தச் சோதனையைச் செய்யவில்லை. வெல்டு அழகாக வந்தது, பெயின்ட் அடித்தேன், கார்ப்பெட் போட்டேன். அடுத்த பெருமழையில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. புதுத்தகடு நன்றாக இருந்ததால் ஒரு சொட்டுகூடக் கீழே ஒழுகவில்லை.

ஃபைபர் போட்டு, மேல பட்டி பூசி விட்டா?

பூசலாம், ஒரு வருடம் அழகாக இருக்கும். துருவின் மேல் ஃபைபர் ஒட்டாது. துரு உதிரும்போது அதுவும் சேர்ந்து கழன்று வரும். அதற்குள் அடியில் ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். கீழ்ச்சட்டத்துக்குள் ஃபோம் அடிப்பது இன்னும் மோசம்: தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைத்துவிடும், பின்னால் யாராவது அங்கே வெல்டு வைத்தால் தீயும் பிடிக்கும். மவுன்ட் பெட்டியில் பட்டி பார்த்தால் எனக்குக் கோபமே வரும். விபத்தில் கேபின் சேசிஸோடு நிற்பது அந்தப் பெட்டியால்தான்.

துருவை மாத்துற திரவம் அடிச்சா வெல்டிங் வேண்டாம்தானே?

அந்தத் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மேலாகப் படிந்த துருவைக் கறுப்பான, நிலையான ஒரு படலமாக மாற்றும். மேல்துருவுக்கு நல்ல மருந்துதான். கரைந்துபோன தகட்டை அது திருப்பித் தராது. ஸ்க்ரூடிரைவர் இறங்குகிற இடத்தில் திரவம் அடிப்பது வீண். உரிந்து செதிளாக நிற்பதை முதலில் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

எதை முதல்ல பண்றது, தரையா மவுன்ட்டா?

கசிவு, மவுன்ட், கதவின் கீழ்ச்சட்டம், கடைசியில் தரை. தரைத் தகடு மற்ற இரண்டின் மேல்தான் வந்து உட்காருகிறது. தரையை முதலில் முடித்துவிட்டு மவுன்ட்டுக்கு வந்தால், போட்ட தகட்டையே மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் கேபினுக்கு வடிவம் சொல்ல எதுவும் மிஞ்சாது. கீழ்ச்சட்டத்தை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வாசல் விரியவோ சுருங்கவோ செய்யும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. வெட்டுவதற்கு முன்பே வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, கதவு மேலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். தாளில் எழுதினால் தொலைத்துவிடுவீர்கள்.

போல்ட் அசையவே மாட்டேங்குது. கொஞ்சம் பலமா திருப்புனா உள்ள நட்டு சேர்ந்து சுத்துது. என்ன பண்ண?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. நட் ஒரு சின்ன கூண்டுக்குள், பெட்டிக்கு உள்ளே, உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூண்டு துருப்பிடித்தால் நட்டைப் பிடிக்க ஆளில்லை. அதனால் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே பொறுமை காட்ட வேண்டும். வேலைக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் விடுங்கள். கீழிருந்து போல்ட் தலையில் அடித்தால் எண்ணெய் நட்டுக்குப் போகாது. மேலே கேபினுக்குள் கார்ப்பெட்டைத் தூக்கினால் பல வண்டிகளில் மவுன்ட்டுக்கு நேர்மேலே ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதன் வழியாக விடுங்கள். கழற்றும்போது ஒரேயடியாகத் திருப்பாமல், கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் முறுக்கி, மறுபடி கழற்றி என்று போங்கள்.

சுற்றிவிட்டதா? சரி. நட்டுக்கு நேர்மேலே தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, தகட்டைப் பெட்டி மூடி மாதிரி மேலே மடக்குங்கள். உள்ளே நட் தெரியும். ஸ்பேனரால் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள். முடியாவிட்டால் நட்டைச் சுற்றியுள்ள தகட்டோடு ஒரு வெல்டு தட்டிவிட்டு, பிறகு கீழிருந்து திருப்புங்கள். அந்தச் சூடே பாதித் துருவை விடுவித்துவிடும். ரப்பர் புகைய ஆரம்பிக்கும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் பிராக்கெட்டுக்கும் கேபினுக்கும் நடுவே, மேல் ரப்பரோடு சேர்த்து போல்ட்டை அறுத்துவிடுவதுதான் வழி. போல்ட் எப்படியும் புதிதுதான் போடப் போகிறீர்கள், அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம்.

கேபினை முழுசா தூக்கி இறக்கணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. வேலை செய்யும் பக்கத்து போல்ட்களை எடுத்துவிட்டு, மறுபக்கத்துப் போல்ட்களைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, இந்தப் பக்கத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கினால் போதும். ஜாக்கிக்கும் தகட்டுக்கும் நடுவே நீளமான மரக்கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கித் தலை துருப்பிடித்த தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். தூக்கியபின் மரக்கட்டை அடுக்கித் தாங்கல் கொடுக்காமல் கையை நடுவே விடாதீர்கள்.

தூக்கும் முன் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்: ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய், கிளட்ச் குழாய், கியர் லீவர், ஹேண்ட்பிரேக் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ்கள், கேபினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை. எஞ்சினோடு சுற்றும் ஃபேன் உள்ள வண்டியில் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு கேபினோடு சேர்ந்து எழும்பி இறக்கையில் இடிக்கும். அதைக் கழற்றிவிட்டே தூக்குங்கள்.

எத்தனை கனத் தகடு? எந்த வெல்டிங்?

தரைக்கு 1 மில்லிமீட்டர் முதல் 1.2 மில்லிமீட்டர் வரை உள்ள தகடு சரியாக இருக்கும். மவுன்ட் பெட்டிக்கு ஏற்கெனவே இருந்த கனத்தை நல்ல இடத்தில் அளந்து அதையே போடுங்கள், 2.5, 3 மில்லிமீட்டர் என்று வரும். தரைக்கும் 3 மில்லிமீட்டர் போட்டால் உறுதிதானே என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பழைய மெல்லிய தகட்டோடு அதை வெல்டு செய்யும்போது பழையது உருகி ஓடிவிடும்.

வெல்டிங் என்றால் கேஸோடு வரும் மிக் மெஷின் (கம்பியைத் தானே தள்ளிக்கொடுக்கும் வகை), 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் 75 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு 25 சதவீதம் கலந்த கேஸ். குச்சி வெல்டிங்கில் மவுன்ட் பெட்டி வேண்டுமானால் செய்யலாம். தரைத் தகட்டில் ஓட்டைமேல் ஓட்டைதான் போடுவீர்கள்.

வெல்டு வச்சா தகடு அலை அலையா நெளியுது. ஏன்?

ஒரே இழுவையில் நீளமாக வெல்டு வைத்திருப்பீர்கள். தகட்டில் கோடு இழுக்கவே கூடாது. புள்ளி புள்ளியாக வையுங்கள். முதலில் நான்கு மூலை, அப்புறம் நடுக்கள், அப்புறம் அவற்றுக்கு நடுக்கள். ஒரு புள்ளி வைத்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். அருகில் கை வைக்க முடிகிற சூடு வந்தபின் அடுத்த புள்ளி. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள். ஒரு கால் வைக்கும் பள்ளம் அளவுத் தகட்டுக்கு இப்படிச் செய்தால் அரை நாள் ஆகும், ஆகட்டும்.

இன்னொரு காரணம், ஒட்டுத் தகடு மட்டையாக இருப்பது. கம்பெனித் தரையில் வரி வரியாகப் பள்ளம் இருப்பது அழகுக்கு இல்லை, விறைப்புக்கு. மட்டைத் தகடு போட்டால் கால் வைக்கும்போதெல்லாம் எண்ணெய் டின் மாதிரி "டப் டப்" என்று அடிக்கும். ஓரங்களை மடித்தோ, இரண்டு வரி தட்டியோ போடுங்கள். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலையில் சூடு குவிந்து ஓட்டை விழும்.

பழசுமேல ஏத்தி ஒட்டலாமா, வெட்டின இடத்துக்கு நேரா சேர்க்கணுமா?

தரையில் 15 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றி ஒட்டுவதில் தப்பில்லை. வெல்டு வைக்க எளிது, உறுதியும் உண்டு. ஆனால் மூன்றாவது கேள்வியில் சொன்ன இரட்டைத் தகட்டுப் பிரச்சினையை நீங்களே புதிதாக உண்டாக்குகிறீர்கள். அதனால் இரண்டு முகத்திலும் துத்தநாகப் பிரைமர் அடித்துவிட்டு வெல்டு செய்து, அடிப்பக்க ஓரம் முழுக்க சீம் சீலர் (ஒட்டில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) போடுங்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டாமல் அதன்மேலேயே புதுசைப் போர்த்துவது மட்டும் வேண்டாம்.

வெல்டிங் தெரியாது. ரிவெட்டும் பேனல் பசையும் போதுமா?

தரையின் நடுப்பகுதிக்கு, சுமை எதுவும் வராத இடத்துக்கு, சுத்தமான இரும்பு தெரியும் வரை தேய்த்துவிட்டுச் செய்தால் போதும். மவுன்ட் பெட்டி, கீழ்ச்சட்டம், இருக்கை போல்ட், சீட் பெல்ட் போல்ட், இவை வரும் இடத்துக்கு இல்லவே இல்லை. அலுமினியத் தகட்டை இரும்புத் தரையில் ரிவெட் அடிப்பவர்களும் உண்டு. ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து ஓரம் அரிக்கும்.

கேபின் உள்ளேயே வெல்டு வைக்கிறதுல என்ன ஆபத்து?

தீ. தரைக்கு மறுபக்கம் பெட்ரோல் அல்லது டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எது ஓடுகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும். வெல்டு இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு அடியில் பூசிய தாரையும் மேலே ஒட்டிய சத்தத் தடுப்பு ஷீட்டையும் சுரண்டி எடுங்கள். வேலை முடிந்தவுடன் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஒரு முறை முடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த பஞ்சிலிருந்து நூல் மாதிரி புகை வந்ததைப் பார்த்தேன்.

பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். மெஷினின் எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் தகட்டிலேயே, பக்கத்திலேயே மாட்டுங்கள், சேசிஸில் அல்ல. நடுவே ரப்பர் இருப்பதால் மின்சாரம் வேறு வழி தேடி ஒயர்களுக்குள் புகும். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வைக்கவே வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வெல்டிங் சூட்டிலும் ஒளியிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். கால்வனைஸ் தகட்டின் துத்தநாகப் புகைக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். வெல்டு ஓரத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, மாஸ்க்கோடு, காற்றோட்டமாகச் செய்யுங்கள்.

மவுன்ட் பெட்டியே உதிர்ந்துபோச்சு. புதுசை எந்த இடத்துல வைக்கிறதுன்னு அளவே இல்லையே?

அளவு சேசிஸில் இருக்கிறது. பிராக்கெட் நல்ல நிலையில் இருந்தால், புது ரப்பரையும் புதுப் பெட்டியையும் முதலில் அந்தப் பிராக்கெட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அப்புறம் கேபினை மெல்ல இறக்கி, மறுபக்கத்து உயரத்துக்கும் கதவு இடைவெளிக்கும் சரிபார்த்து, பெட்டி எங்கே தொடுகிறதோ அங்கே புள்ளி வெல்டு வையுங்கள். கதவை மாட்டி, மூடித் திறந்து, முன்பு சாக்பீஸால் எழுதிய மூலைவிட்டத்தை அளந்து பார்த்தபிறகே முழு வெல்டு. அதற்கும் முன்னால் போல்ட்டைக் கழற்றி ரப்பரை எடுத்துவிடுங்கள், வெந்துபோகும்.

மறுபக்கமும் உதிர்ந்திருந்தால், அந்தப் பக்கத்தின் முன் மவுன்ட், பின் மவுன்ட் இரண்டில் மிஞ்சியதை அடிப்படையாக வையுங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால் வேறொரு கேபின் தேடுவது மலிவு.

ரப்பர் ஒண்ணுதான் கிழிஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் மாத்தலாமா?

வேண்டாம். பழைய ரப்பர்கள் அமுங்கி உயரம் குறைந்திருக்கும். புதுசு போட்ட மூலை மட்டும் தூக்கி நிற்கும். செட்டாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் இரும்புக் குழாயையும் பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று அளவு வைப்பது அதுதான். துருவில் அது தேய்ந்து குட்டையாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் நசுங்கிக்கொண்டே போகும். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும், ஆனால் அதிர்வு முழுக்க இருக்கைக்கு வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பர்தான் போடுவேன். இறுக்கும் அளவை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

வேலை முடிஞ்சுது. அடியில தார் அடிச்சுடலாமா?

முதலில் எபாக்சி பிரைமர், அது காய்ந்தபின் எல்லா ஒட்டிலும் சீம் சீலர், அப்புறம் பெயின்ட். மவுன்ட் பெட்டி, கீழ்ச்சட்டம் மாதிரி உட்குழிவான இடங்களுக்கு நீளக் குழாய் வைத்து மெழுகு அடியுங்கள். வெல்டின் பின்பக்கம் பிரைமர் எரிந்துபோயிருக்கும், கை எட்டாத அந்த இடத்துக்குத்தான் இது. தார் அடிப்பதானால் சுத்தமான பெயின்ட்டின் மேல் அடியுங்கள். கீழ்ச்சட்டத்தின் அடியில் இருக்கும் தண்ணீர்த் துளைகள் அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் பட்டையைத் திருப்பி மாட்டினீர்களா? மறந்தால் லைட் மங்கலாக எரியும், மீட்டர் ஆடும், ஒயரிங்கில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் தேடுவீர்கள்.

பிராக்கெட்டைத் தட்டினேன், சேசிஸ்லயே ஸ்க்ரூடிரைவர் இறங்குது. அதுக்கும் தகடு வைக்கலாமா?

பிராக்கெட் மட்டும் என்றால் வெட்டிவிட்டுப் புதுசு வெல்டு செய்யலாம். சேசிஸ் சட்டமே போயிருந்தால் அது டிங்கரிங் வேலை இல்லை. அங்கே செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்டு வைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். வலுத்தகட்டின் முனைகளை மீன்வாய் மாதிரி வெட்டி, சுமை பரவும்படி செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். கேபினைத் தொடுவதற்கு முன்னால், முதல் நாளே, சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிப் பார்த்துவிடுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளையும் இடத்தையும், ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள்.